முன்பக்கத்தில், பெரிசா

"பேரெல்லாம் வேண்டாம் பிரேமா. எனக்கு உன் கை மட்டும் போறும்" என்றான் மாதவ், கேமராவைத் திருகிக்கொண்டே.

பிரேமலதா கைகளை நீட்டினாள்.

"ரொம்ப க்ளீனா இருக்கே! நகத்துல கொஞ்சம் சாயம் தடவிக்கோயேன். அசலா இருக்கும்."

மாதவ் மும்பை மாட்டுங்காவில் பிறந்த டிசைனர். லிஸ்பன், கியோட்டோ, பெர்லின் என்று ஒரு வருஷம் சுற்றி, கைவினைஞர் முகாம் ஒன்று விடாமல் தங்கி, கடைசியில் தாராவியைக் கண்டுபிடித்திருந்தான். அவன் வீட்டிலிருந்து டாக்சியில் பத்து நிமிஷம். கண்டுபிடிக்க இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

இப்போது ராஜபாண்டியின் தோல்பட்டறையில் 'கைவினைஞர்களோடு வாழ்ந்துகொண்டிருந்தான்'. வாழ்க்கை காலை பதினொன்றுக்குத் தொடங்கி மாலை நாலுக்கு முடியும். தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து வரும்.

அவன் படமெடுத்துக்கொண்டிருந்த பை, ராஜபாண்டியின் மகள் பிரேமலதா வரைந்தது. ஒரே தோல், மூன்று மடிப்பு, ஒரு தையல்கூடக் கிடையாது. ரயிலில் தொங்கிக்கொண்டு வாஷிக்குப் போய் டிசைன் படித்து, குடும்பத்தின் முதல் பட்டம் வாங்கியவள், அந்த மூன்றாவது மடிப்போடு மட்டும் எட்டு மாதம் மல்லுக்கட்டியிருந்தாள். மாதவ் அதைப் பார்த்த அன்றைக்கு 'உன் பை' என்றான். மறுநாள் 'நம்ம பை'. மூன்றாம் நாள் 'என் பை'.

"சார், பை நான் வரைஞ்சது. பையில தொங்குற அட்டையில என் பேரையும் போடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"அரே, மேக்கர் கம்யூனிட்டில தனி மனுஷாளே கிடையாது பிரேமா. எல்லாம் கூட்டு முயற்சி. பேர் கேக்கறதெல்லாம் ஈகோ."

"அப்போ அட்டையில 'டிசைன்: மாதவ்'னு போட்டிருக்கே?"

"அது பிராண்ட்."

அச்சு மெஷின் பக்கத்திலிருந்து ராஜபாண்டி குரல் கொடுத்தார். "ஏட்டி, சும்மா இரு. இருநூறு பை ஆர்டர். வாயால கெடுத்துராத."

மாதவுக்கு மனசு இளகிவிட்டது. "சரி, உனக்காக ஒண்ணு பண்றேன். முன்பக்கத்துல தமிழ்ல ஒரு வரி போடலாம். பெரிசா. 'இந்தக் கைகளுக்குப் பெயர் இல்லை.' எப்படி? பெர்லின்ல அழுதுடுவா!"

"வாங்குறவங்களுக்குப் புரியுமா சார்?"

"புரியவே கூடாது. அழகா இருந்தாப் போறும். நீயே எழுதி, துண்டுத் தோல்ல அச்சடிச்சுக் காட்டு. நான் படிச்சு ஓகே சொன்னப்பறம்தான் பையில அடிக்கணும். எழுத்துப் பிழை இருந்தா எனக்குப் பத்திண்டு வரும். எங்காத்துல எல்லாம் சுத்தத் தமிழ்."

மறுநாள் தோல்துண்டை வாங்கி மாதவ் கண்ணுக்கு நேரே பிடித்தான். விரல் வரிமேல் மெல்ல ஊர்ந்தது. உதடுகள் அசைந்தன. கடைசி எழுத்துக்கு வந்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

"படிக்கறச்சயே சிலிர்க்கறது. ஒரு எழுத்துகூட மாத்தாதே."

பிரேமலதா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா மெஷினை நிறுத்திவிட்டு மாதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி சார்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பெயர்ப் பேச்சே எடுக்கவில்லை. "நன்னா பக்குவப்பட்டுட்டே" என்று மாதவ் பாராட்டினான்.

செம்பூரில் கண்காட்சி. அன்று காலைதான் டெம்போவில் வந்திறங்கிய இருநூறு பைகளும் கூரையிலிருந்து தொங்கின. சுவர் முழுக்கப் பிரேமலதாவின் கைகள், நகத்துச் சாயத்தோடு. அவள் அப்பாவோடு கடைசி வரிசையில் நின்றிருந்தாள். ஒருவரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கையை மட்டும் பார்த்தவர்களுக்கு முகம் எப்படித் தெரியும்?

மாதவ் மைக்கைப் பிடித்தான். "இந்த வரி என் வேர். என் மண். இதைப் படிக்கறதுக்கு எங்கப்பாவைவிடத் தகுதியானவர் யாருமில்லை."

வேங்கடசுப்ரமணியன் மேடையேறினார். பாங்கில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்ப் பேப்பரை டெண்டர் விளம்பரம் உட்படப் படிப்பவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பையைக் கையில் எடுத்தார். தொண்டையைச் செருமினார். நிறுத்தினார். மகனைப் பார்த்தார். மறுபடி பையைப் பார்த்தார்.

"வெக்கப்படாதேள்ப்பா, சத்தமாப் படிங்கோ!"

அவர் சத்தமாகவே படித்தார். "'இந்தப் பையை வடிவமைத்தவர், பிரேமலதா ராஜபாண்டி, தாராவி.'"

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

"சான்ஸே இல்லை!" மாதவ் பையைப் பிடுங்கினான். "நான் படிச்சு ஓகே பண்ணினது இது இல்லையே!"

"இல்ல சார்" என்று கடைசி வரிசையிலிருந்து பிரேமலதாவின் குரல் வந்தது. "அந்தத் தோல்துண்டுல நீங்க சொன்ன வரிதான் இருந்துச்சு. நீங்க அதைத் தலைகீழாப் பிடிச்சுப் படிச்சிட்டு நெஞ்சுல கை வச்சீங்கல்லா, அதைப் பாத்த பொறவுதான் எங்கப்பா வேற அச்சு வெட்டுனாவ."