நீல மவுத் கார்டு

"என் மவுத் கார்டை எடுத்தது நெட்டைதான் மாஸ்டர். அவ பையைப் பாருங்க."

சுருட்டை கையில் பட்டை சுற்றி, காலில் கவசம் கட்டித் தயாராக நின்றாள். பல்லைக் காக்கும் அந்த நீல ரப்பர் மட்டும் காணவில்லை.

கிக்பாக்ஸிங் அணியில் பாக்கி இருந்தது ஓர் இடம்தான். அதற்குச் சுருட்டையும் நெட்டையும் இன்று மோதவேண்டும். தேர்வாளராக வந்திருந்த அம்மையார் ரிங் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"மவுத் கார்டு இல்லாம ஏற விடமாட்டேன்," என்றார் அவர். "ஏறலைன்னா தோத்ததாத்தான் அர்த்தம்."

"வேற யாரோடதையாவது போட்டுக்கட்டுமே," என்றாள் ஒருத்தி.

"அது அவங்கவங்க பல்லுக்கு அச்செடுத்தது. அடுத்தவ வாயில நிக்காது," என்றார் மாஸ்டர். "புதுசு வாங்கலாம்னா இன்னிக்குக் கடை லீவு. கொஞ்சம் பத்திரமா வெச்சுக்கக் கூடாதா?"

"லாக்கர்லதான் வெச்சேன். பாத்ரூம் போயிட்டு வந்து பார்த்தா இல்லை. அங்க நின்னது இவ ஒருத்திதான்."

நெட்டை தன் பையைக் கவிழ்த்தாள். துண்டு, தைலம், முட்டிக்குப் போடும் உறை. நீலம் எதுவும் விழவில்லை.

"என்னோட சிவப்பும்தான் காணோம்," என்றாள்.

தேர்வாளர் எழுந்துவிட்டார். "ரெண்டு பேருமே ஏறலைன்னா நான் யாரைத் தோத்ததா எழுதுறது? அடுத்த மாசம் வெச்சுக்கலாம்."

"நெட்டைக்குத் தொடை நடுங்கிடுச்சு," என்று பின்னாலிருந்து ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"பின்னே? புதன்கிழமை பயிற்சியில ஏதோ குருட்டாம்போக்குல இவ உதை என் தலையில விழுந்துடுச்சு. தினமும் அப்படி விழுமா? அதான் நாடகம் போடுறா," என்றாள் சுருட்டை.

மாஸ்டர் திரும்பினார். "அதுக்கப்புறம் தலைவலி, கிறுகிறுப்பு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லை மாஸ்டர்."

காயம் என்று வாயைத் திறந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். பிறகு அடுத்த வருடம்தான். அது அங்கே எல்லோருக்கும் தெரியும். காலையில் சுருட்டை பாத்ரூமில் இரண்டாவது தடவையாக வாந்தி எடுத்துவிட்டு வந்தபோது, வாசலில் நின்ற நெட்டையிடம்கூட, "சாப்பாடு ஒத்துக்கலைக்கா" என்றுதான் சொல்லியிருந்தாள்.

கூட்டம் கலைந்தது. ஜன்னல் வெளிச்சம் சுருட்டையின் கண்ணைக் குத்தியது. தலையில் வைத்துக்கொள்ள ஐஸ் எடுக்கலாம் என்று மூலையில் இருந்த ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

ஐஸ் தட்டுகளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே நீல மவுத் கார்டு.

வெளியே இழுத்தாள். அதன் அடியில், ஓரம் கடிபட்ட சிவப்பும் இருந்தது.

"பார்த்துட்டியா?"

பின்னால் நெட்டை, செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள்.

"உன்னோடதையும் நீயே ஒளிச்சு வெச்சியா? என்கூட மோத அவ்வளவு பயமாக்கா?"

"பயம்தான்."

"நீ சும்மா ஏறி நின்னிருந்தாலே இடம் உனக்குத்தானே?"

"உன் வாந்தியைப் பத்திச் சொன்னா உன் பேரு போயிடும். சொல்லாட்டி நீ ஏறிடுவ." நெட்டை அவள் கையிலிருந்த பையை வாங்கி ஃபிரிட்ஜை மூடினாள். "அடிபட்ட தலையில இன்னொரு தடவை உதைக்க எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம். டாக்டர் சரின்னு சொன்னப்புறம் ஏறு. அப்ப பயப்படாம உதைக்கிறேன்."