கப்பல் விலை, கரை விலை

"கப்பல்லேயே அடுத்த டிரிப்பை புக் பண்ணா காசு மிச்சம்னு யாரு சொன்னா? கப்பல்காரனா?" என்று சிரித்தாள் நரெல்.

டாரில் வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தான். நூமியா, போர்ட் விலா என்று தீவுத் துறைமுகங்கள் எல்லாம் சுற்றியாகிவிட்டது. விடிந்தால் பிரிஸ்பேனில் இறங்கி வீட்டுக்கு. பதிவு மேசையைச் சாயங்காலம் மூடிவிடுவார்கள். அதற்குள் நரெலின் வாயிலிருந்து ஒரு 'சரி' வந்தாக வேண்டும்.

"ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாமே?" என்றாள் அவள்.

"ஊருக்குப் போனா நீ எங்கே சிக்கறே? பல் டாக்டர் கிளினிக் வேலை, பசங்களோட நீச்சல் கிளாஸு, உங்கம்மா. உன்கிட்ட ஒரு பதில் வாங்கறதுக்குள்ள இந்தக் கப்பலையே பழைய இரும்புக்குப் போட்டுடுவாங்க."

"பாவம். அப்புறம் எதுல ஏறி நீ வாந்தி எடுப்பே?"

முன்னால் நின்ற தாத்தா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். டாரிலும் சிரித்துவைத்தான். பிரிஸ்பேனுக்குப் பக்கத்து இப்ஸ்விச்சில் குழாய் வேலை செய்பவன் அவன். யார் வீட்டு அடைப்பையும் எடுத்துவிடுவான். தன் தொண்டையில் வந்து அடைப்பதை மட்டும் எடுக்க வராது. அதனால்தான் விலை விவரத்தை நேற்றிரவே நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

அவர்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் ஃபிஜிக்காரப் பெண் லித்தியா, காதோரம் பூவோடு வரவேற்றாள். டாரில் மூச்சுவிடாமல் ஆரம்பித்தான்.

"பாரு நரெல். இங்கேயே புக் பண்ணா முன்பணம் பாதிதான். அதுக்கு மேல, கப்பல்ல செலவு பண்ண அவங்களே பணம் தர்றாங்க."

"தெரியுமே. போன வருஷம் தந்தாங்களே, அதை என்ன பண்ணே? 'இந்த ரவுண்டு என்னோடது'ன்னு பார்ல கத்தி, முகம் தெரியாத நியூஸிலாந்துக்காரங்களுக்கெல்லாம் பியர் வாங்கிக் கொடுத்தே."

"அவங்களும் திருப்பி வாங்கிக் கொடுத்தாங்க!"

"ஆமா. அதையும் குடிச்சிட்டுத்தான் மறுநாள் மதியம் வரைக்கும் எந்திரிக்கலே. என் ஃபிரெண்டு கெரில் இப்படித்தான் கப்பல்லேயே புக் பண்ணா. ரெண்டே மாசத்துல கரையில தள்ளுபடி போட்டாங்க. இன்னைக்கும் அந்த விளம்பரம் வந்தா டிவியை அணைச்சிடறா."

"கரையில விலை குறைஞ்சா எங்ககிட்ட சொல்லுங்க மேடம்," என்றாள் லித்தியா. "மீதிப் பணம் கட்டறதுக்குள்ள சொன்னா குறைச்சிக் கொடுத்துடுவோம்."

டாரில் அவளை நன்றியோடு பார்த்தான்.

"இந்த வருஷம் மாதிரியே ரெண்டு அறைதானே சார்?"

"இல்லே," என்றான். "ஒரே அறை. பெருசா. பசங்களுக்கு மேல மடக்கற கட்டில் இருக்குமே, அது. கணக்குப் போட்டா அதுலதான் நிறைய மிச்சம்."

நரெல் வாய்க்குக் கொண்டுபோன ஐஸ்கிரீம் பாதியில் நின்றது. இதுவரை ஒவ்வொரு பயணத்திலும் அவளும் மகளும் ஒரு அறை, அவனும் மகனும் ஒரு அறை.

"உன் குறட்டைக்கா?"

"அவ்வளவு சத்தம் இல்லே."

"இல்லையா? நீ தூங்கும்போது எதிர்ல வந்த கப்பல் பதிலுக்கு ஹாரன் அடிச்சதாம். உன் அறையில படுத்த லாக்லன் சொன்னான்."

லித்தியா குனிந்து எதையோ தேடுவதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டாள். நரெல் ஐஸ்கிரீமை அவன் கையில் திணித்துவிட்டு, போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். லித்தியாவிடம் இரண்டு கேள்வி கேட்டாள். மறுபடி போட்டாள். ஐஸ்கிரீம் டாரிலின் மணிக்கட்டு வழியே சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னேன்ல?" என்று நிமிர்ந்தாள். "வருஷக் கடைசித் தள்ளுபடியில கரையில வாங்கினாலும் கிட்டத்தட்ட இதே விலைதான். இங்கே புக் பண்றதால பெரிய மிச்சம் ஒண்ணும் இல்லே."

"ஓ."

"ஒரே அறை எடுத்தா மிச்சம்தான். ஆனா அதை எங்கே புக் பண்ணாலும் மிச்சம்தானே? இன்னைக்கே, இங்கேயேன்னு ஏன் ஒத்தைக் கால்ல நிக்கறே?"

நெட்டுருப் போட்டதில் இதற்கு விடை இல்லை. டாரிலின் காதுகள் சிவந்தன. பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.

"கரையில இறங்கிட்டா..." என்றான் டாரில். "அங்கே கேக்க எனக்கு தைரியம் வராது நரெல்."

அவள் அவனையே பார்த்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தான். சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து அவன் மணிக்கட்டைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"போடும்மா," என்றாள் லித்தியாவிடம். "ஒரே அறை."

லித்தியாவின் விரல்கள் உற்சாகமாகத் தட்டின. "மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஹாப்ஸ்... ரெண்டு பசங்க... ஒரே அறை. கீழ்க் கட்டில் ரெண்டையும் சேர்த்துப் போடட்டுமா மேடம், தனித்தனியா போடட்டுமா?"

டாரில் மேசையின் மரத்தை ஆராய்ந்தான்.

"சேர்த்தே போடு," என்றாள் நரெல். "அந்த மிஸஸை மட்டும் இப்போதைக்கு எடுத்துடும்மா... எங்களுக்கு டைவர்ஸ் ஆகி நாலு வருஷம் ஆச்சு."