கீழே இரண்டு வரி

"பொம்பளை இல்லாத வீடுன்னு டீச்சருக்கே தெரிஞ்சு போச்சு பார்."

அக்கா தாள்களைச் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பினாள். அவள் தம்பி, லிஃப்ட் மெக்கானிக், அவற்றைத் தேதி வாரியாக அடுக்கத் தொடங்கினார்.

அவர் மகளின் ஒன்றாம் வகுப்பு டீச்சர், வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு தாள் வைத்து அனுப்புவார். மேலே அந்த வாரம் வகுப்பில் நடந்ததெல்லாம் இருக்கும். பஞ்சில் விதை முளைத்தது, கழித்தல் கணக்கு தொடங்கியது, ஜன்னலுக்கு வருகிற பூனைக்கு ஓட்டெடுப்பு நடத்திப் பெயர் வைத்தது. கீழே அந்தந்தப் பிள்ளைக்கென்று இரண்டு வரி.

எதிர்வீட்டுப் பையனின் தாளில், "நூறு வரை தப்பில்லாமல் எண்ணியாச்சு" என்று வந்தது. அவன் அம்மா அதை வாசலில் நின்று நாலு பேருக்குப் படித்துக் காட்டினாள்.

மெக்கானிக் மகளின் தாளிலோ, ஒரு வாரம், "சடை சாயங்காலம் வரை அவிழவில்லை." அடுத்த வாரம், "சட்டையில் எல்லாப் பட்டனும் இருந்தது." அதற்கடுத்த வாரம், "டப்பாவில் உப்பு சரியாக இருந்தது."

மற்ற வாரங்களில் சரியில்லை என்று குத்துகிறாரா? மெக்கானிக்குக் காது சுட்டது. வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெண்தான். டீச்சர் கண்ணில் அது படவில்லை, பட்டதெல்லாம் பட்டன்தான்.

மனைவி கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அக்கா ஒரே பிடியாக நிற்கிறாள். பிள்ளையை என்னிடம் விடு, என் பிள்ளைகளோடு ஒன்றாக வளரட்டும் என்று. நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் சங்கடமே, சண்டை போடவும் முடியவில்லை.

பத்து மாடி லிஃப்டைக் கழற்றி மாட்டுகிற கைக்கு ஒரு சடை படியவில்லை என்பதும் உண்மைதான். முதல் மாதம் அவர் போட்ட சடையெல்லாம் தெருமுனை தாண்டுவதற்குள் அவிழ்ந்து தொங்கும். மதிய இடைவேளையில் பழைய நைலான் கயிற்றை மூன்றாகப் பிரித்து, ஜன்னல் கம்பியில் கட்டிப் பின்னிப் பழகினார். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். இரண்டு பெண்களைப் பெற்ற ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்.

கடைசியில் அக்காவும் தம்பியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பருவம் முடிகிற அன்று டீச்சரையே நேரில் கேட்பது. பிள்ளை நல்லபடியாக வளர்கிறாள் என்று அவர் சொல்லிவிட்டால் அப்பாவோடு. இல்லையென்றால் அத்தை வீடு.

இன்று பருவம் முடிகிறது. அந்தத் தாள்களைப் பார்த்தபோதே, தான் தோற்றுவிட்டதாக மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

வகுப்பில் இருந்ததெல்லாம் குட்டி நாற்காலிகள். இரண்டு பேரும் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்தார்கள். மகள் வெளியே வராந்தாவில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"என் மக எப்படி மிஸ்? மறைக்காம சொல்லிடுங்க" என்றார் மெக்கானிக். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

டீச்சருக்கு எதை மறைப்பது என்றே விளங்கவில்லை. வகுப்பிலேயே முதலில் படிக்கத் தொடங்கியவள் உங்கள் மகள்தான், இப்போது இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துப் படித்துக் காட்டுகிறாள் என்றார். மெக்கானிக் அக்காவைப் பார்த்தார்.

அக்கா அசைந்து கொடுக்கவில்லை. "படிப்பு சரி மிஸ். வளர்ப்பு? சடை, பட்டன், உப்புன்னு வாரா வாரம் நீங்களே நோட்டம் பாத்து எழுதியிருக்கீங்களே. தாயில்லாப் பிள்ளைன்னுதானே?"

டீச்சர் தாள்களை வாங்கிப் பார்த்தார். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றும்விட்டது.

"சார், முதல் நாள் பெற்றோர் கூட்டத்துக்கு நீங்க வரலையோ?"

வரவில்லை. அன்று ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் மூன்று பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இறக்கி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

"மேல இருக்கிறதுதான் நான் எழுதுறது. கீழ இருக்கிற ரெண்டு வரி பிள்ளைங்களோடது. இந்த வாரம் வீட்டுக்கு என்ன நல்ல சேதி எழுதட்டும்னு ஒவ்வொருத்தரையா கேப்பேன். அவங்க சொல்றதை அப்படியே எழுதிடுவேன். எல்லாரும் அவங்கவங்க பெருமையைத்தான் சொல்வாங்க."

அக்கா தாள்களைத் திரும்ப வாங்கி, முதலிலிருந்து ஒருமுறை படித்தாள். நிதானமாகப் படித்தாள். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"அப்புறம் இவ மட்டும் ஏன் மிஸ் இப்படி?"

"நானும் கேட்டேம்மா. நீ நல்லா படிக்கிறேன்னு எழுதட்டுமான்னு. வேணாம்னுட்டா." டீச்சர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "'நான் நல்லா படிக்கிறது எனக்கே தெரியும் மிஸ். எங்கப்பாவுக்குத்தான், அவர் எல்லாம் நல்லா பண்றாருன்னு தெரியல. அதை எழுதுங்க'ன்னா."