ஏற்புரை

மைக்கைப் பிடித்த வக்கீல் விடுவதாக இல்லை.

ஓய்வு பெறுவது என் மனைவி. மரியாதைக்கு என்னையும் மேடையில் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இல்லை.

தலைமை ஆசிரியை பேசியாயிற்று. பூங்கொத்து கொடுத்தாயிற்று. பாக்கி இருந்தது ஒன்றுதான், அவளுடைய ஏற்புரை. அதற்குள் கடைசி மணி அடித்துவிட்டால் பிள்ளைகளை வண்டி ஏற்றக் கிளப்பிவிடுவார்கள். கூட்டம் கலைந்துவிடும்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஆண்டு விழா என்றால் பெரிய வகுப்பு டீச்சர்கள் மேடையில் முழங்குவார்கள். இவள் திரைக்குப் பின்னால் குட்டிப் பிள்ளைகளுக்கு ஊக்கு குத்திக்கொண்டிருப்பாள். மூக்கைத் துடைத்துவிடுவாள். ஒன்றுக்குக் கூட்டிப்போவாள். அவள் கைக்கு மைக் வந்ததே கிடையாது.

இன்றைக்கு வர வேண்டும். வந்தே தீர வேண்டும்.

என்ன பேசப் போகிறாள் என்று எனக்கே தெரியாது. நிலைக்கண்ணாடி முன்னால் நின்று உதட்டை மட்டும் அசைத்துப் பழகுவாள். நான் எட்டிப் பார்த்தால் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

வக்கீல் அவளிடம் படித்தவர்தான். ஐந்து வயதில் வாயே திறக்காத பிள்ளையாம். ஊமை என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்களாம். இவள் தினமும் குனிந்து, வேறு யாருக்கும் வேண்டாம், என் காதில் மட்டும் சொல்லு என்று கெஞ்சிக் கெஞ்சி, வருஷக் கடைசியில் ஒரு வார்த்தையை வாங்கிவிட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண்டபமே கைதட்டியது. எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது.

அழ வைத்த பிறகாவது உட்கார வேண்டாமா மனுஷன்?

அங்கிருந்து கல்லூரிக்குப் போனார். கல்லூரியிலிருந்து கோர்ட்டுக்குப் போனார். முதல் வழக்கை முழுதாக மறுபடி நடத்தினார்.

விளையாட்டு மாஸ்டர்தான் தொகுப்பாளர். ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். வக்கீல் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு விஷயம் என்று இரண்டாவது வழக்கை எடுத்தார். அடுத்த துண்டுச்சீட்டை வாங்கி நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டார்.

வெளியே வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன்.

"கழுத்த அறுக்கிறானே" என்று முணுமுணுத்துவிட்டேன்.

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த வெயிலில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் சொல்கிற வார்த்தையா அது? கேட்டவர்களிடமெல்லாம் தொண்டை கட்டியிருக்கிறது, அதனால்தான் இத்தனை நாள் லீவு என்று வாசலிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பாவி, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

போய் மைக்கைப் பிடுங்கிவிடுவது என்று பாதி எழுந்தேன். முழங்காலில் கை வைத்து அழுத்தி என்னை உட்கார வைத்தாள். வக்கீலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து வயதுப் பிள்ளையையும் அப்படித்தான் பார்த்திருப்பாள். ஆனால் அவளுடைய மறு கை கைக்குட்டையைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தது.

மணி அடித்தது.

பிள்ளைகள் திமுதிமுவென்று எழுந்தார்கள். வக்கீல் நன்றி வணக்கம் போட்டார். விளையாட்டு மாஸ்டர் மைக்கை வாங்கினார்.

"டீச்சரோட ஏற்புரைக்குத்தான் நேரமில்லாமப் போச்சு. அதனால என்ன, எழுத்துல குடுத்துருவாங்க, நம்ம ஸ்கூல் ஆண்டு மலர்ல போட்டுருவோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல நான் மைக்குக்கிட்டே போவதற்குள் அதன் வயரைப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

மண்டபம் மாடியில். இறங்க ஒரே படிக்கட்டு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகள்தான் முதலில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மேல்படியில் ஒருத்தி இடறி விழுந்தாள். பின்னால் வந்த பெரிய பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

"ஓடாதீங்க! நில்லுங்க!"

அவள்தான். நாற்காலியை விட்டு எழுந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

அத்தனை பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள். டீச்சர்கள் நின்றார்கள். வக்கீலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒருவர் ஓடிப்போய் விழுந்தவளைத் தூக்கினார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பிறகு எல்லோரும் வரிசையாக, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்கள்.

அவள் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். காற்றுதான் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் முயன்றாள். அப்புறம் கையை விரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. ரிட்டயர்மென்ட் என்றால் வீட்டுக்காரருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று தலைமை ஆசிரியை என் தோளைத் தட்டினார்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. துணிப்பெட்டி காரில் தயாராக இருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுநாள் காலையில் ஆபரேஷன். பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியக் கூடாது, எனக்காகப் பரிதாபப்பட்டுக் கைதட்ட வேண்டாம் என்று முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள்.

கட்டியோடு குரல்வளையையும் எடுத்துத்தான் ஆக வேண்டும், அதுவரைக்கும் மிச்சமிருக்கிற குரலைப் பார்த்துச் செலவு செய்யுங்கள் என்று டாக்டர் போன மாதமே சொல்லியிருந்தார். அதற்கு அடுத்த நாளிலிருந்து, அந்த மேடைக்காக, அவள் என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.