நோய் நொடி இல்லாத மாப்பிள்ளை

"கோட்டுப் பையில என்னடா புடைப்பா இருக்கு? எடு வெளிய!"

மணமேடையில் நின்ற மகன் ஜெரால்டின் காதருகே ராசாத்தி சீறினாள். முகத்தில் மட்டும் வீடியோக்காரருக்கான சிரிப்பு.

"குளுக்கோஸும்மா. சர்ச்சுல பூசை முடிஞ்சதும் சாப்பாடுன்னாங்க, இன்சுலின் போட்டுட்டேன். மண்டபத்துக்கு வந்தா போட்டோவுக்கே நிக்க வச்சுட்டாங்க. சுகர் எறங்கினா வேணும்ல?"

"மெதுவாப் பேசு! சம்பந்தி வீட்டுக்காரங்க காதுல விழப்போகுது." பொட்டலத்தைப் பிடுங்கித் தன் கைப்பையில் திணித்துக்கொண்டாள்.

பத்து வயதிலிருந்து ஊசி போடுகிற பிள்ளை. ஆவூரில் ஓர் ஈ காக்கைக்குக்கூட அது தெரியாமல் கட்டிக் காத்தவள் ராசாத்தி. பெண் வீட்டார் தாமாகவே தேடி வந்தபோதும், "எங்க பையனுக்கு ஒரு தலைவலி, காய்ச்சல் வந்ததில்ல" என்று கூசாமல் சொன்னாள். அவர்கள் மறுகேள்வி கேட்கவில்லை. விசாரிக்கத் துப்பில்லாத கூட்டம் என்று அவளுக்கு ஒரே இளக்காரம்.

மேடையேறும் சொந்தங்களின் வரிசை வாசல்வரை நின்றது. ஜெரால்டுக்கு வியர்த்து ஊற்றியது.

"அம்மா, கை நடுங்குது. கண்ணு இருட்டுது. அந்தப் பொட்டலத்தக் குடும்மா."

"எல்லாரும் பாக்குறாங்கடா! பெரியப்பா குடும்பம் மட்டுமாவது வந்துட்டுப் போகட்டும். சிரிச்சுக்கிட்டே நில்லு."

பிள்ளையின் உயிரைவிட வீடியோ பெரிதாகப் போய்விட்டது அந்த மகராசிக்கு.

பெரியப்பா வந்து தோளில் கைபோட்டார். "என்னடா தள்ளாடுற? கல்யாணத்தன்னிக்கே தண்ணியப் போட்டுட்டியா?"

கூட்டம் சிரித்தது. ராசாத்தியும் சிரித்தபடி, மகனை முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"ஒரே ஒரு பீருதாங்க. இவன் கூட்டாளிங்க வற்புறுத்திக் குடுத்துட்டாங்க."

குடிகாரன் என்ற பேர் வந்தாலும் வரட்டும், நோயாளி என்ற பேர் வந்துவிடக் கூடாதாம். எப்பேர்ப்பட்ட தாய்!

ஜெரால்டு கால் மடங்கி நாற்காலியில் சரிந்தான்.

மணப்பெண் ஷர்லி பதறவில்லை. பூங்கொத்துக்கு அடியில் செருகியிருந்த குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கினாள். "முழிச்சுக்கிட்டே கொஞ்சங் கொஞ்சமாக் குடிங்க" என்று அவன் வாயருகே பிடித்தாள்.

ராசாத்தி தடுமாறினாள். "ஒண்ணுமில்லம்மா... வெயிலு..."

"வெயில் இல்ல அத்தை, லோ சுகர். ஊசி போட்டுட்டுச் சாப்பிடாட்டி எனக்கும் இப்படித்தான் வரும்."

ராசாத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்குமா? அடப்பாவிகளா! நோயாளிப் பொண்ண மறைச்சு என் தலையில கட்டிட்டீங்களே! இப்படியுமா ஒரு குடும்பம் ஏமாத்தும்?"

நெஞ்சில் அடித்துக்கொண்டு அவள் பாடி முடிப்பதற்குள் ஜெரால்டுக்கு நடுக்கம் தணிந்திருந்தது.

"நானும் ஷர்லியும் பழகினதே புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில இன்சுலின் வாங்குற வரிசையிலதாம்மா. சொன்னா நீ ஒத்துக்க மாட்டேன்னு, அவங்க வீட்டுல எல்லாத்தையும் சொல்லி மாப்பிள்ளை கேட்டு வரச் சொன்னதே நான்தான். ஒரு தலைவலி வந்ததில்லன்னு நீ அளந்து விட்டப்ப, பாவம், சிரிப்ப அடக்கத்தான் அவங்க ரொம்பச் சிரமப்பட்டாங்களாம்!"