ஃபிளோரா கேட்ட தொட்டி

காலை ஆறரைக்கு எல்வின் கண்ணாடித் தொட்டியின் விளக்கைப் போட்டான். தண்ணீரில் உப்பின் அளவைப் பார்த்தான். மணலில் கிடந்த கடல் அட்டை அசையும்வரை நின்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்த மனைவி ஆஷ்லினுக்கு நேற்று முப்பதாம் நாள் ஜெபம். மாமியார் ஃபிளோரா தரங்கம்பாடிக்குக் கிளம்பினார்.

“மாப்பிள்ளை, தொட்டிய நான் எடுத்துட்டுப் போறேன். எங்க ஊர்ல இந்த அட்டையக் காலால தள்ளிட்டுப் போவோம். எம்பொண்ணு கண்ணாடிக்குள்ள குடிவச்சிருக்கா! அவ ஆசையா வளத்தது, எங்கூட இருக்கட்டும்.”

“அவ வளக்கல அத்தை. இது என்னோடது. அவளுக்குப் பாத்தாலே அருவருப்பு.”

ஃபிளோரா பையைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கு நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா அத்தை. நான் இதுக்குத் தண்ணி மாத்திக்கிட்டிருந்தேன்.”

“அப்ப என்ன சொன்னா?”

“‘பாதியில விட்டா அது செத்துடும், நீங்க மாத்தி முடிங்க. நான் ஆட்டோவுல போயிக்கிறேன்.’”