வாத்தியார் விட்ட கேட்ச்

"பச்சைக் குழந்தைகூடப் பிடிச்சிருக்கும்யா அந்தக் கேட்சை!"

கேப்டன் கிட்டன்ஸ் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். பார்படோஸ் வெயிலில் காய்ந்த மண், புழுதியாக எழுந்து அடங்கியது.

எதிரே இன்னிஸ் வாத்தியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தப்பு செய்த மாணவனைப்போல நின்றிருந்தால் பரவாயில்லை. பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்ப்பவரைப்போல நின்றார். கிட்டன்ஸுக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

பக்கத்து ஊருக்கு மூன்று ரன் தேவை. அவர்களிடம் மிச்சமிருந்தது கடைசி விக்கெட். கிட்டன்ஸ் வீசிய பந்து மட்டையின் விளிம்பில் பட்டு நேராக வானத்துக்குப் போய், நேராக வாத்தியாரின் கைக்கே வந்தது. வந்தது, யோசித்தது, விழுந்தது. அடுத்த பந்து பவுண்டரி. கோப்பை இந்த வருஷமும் பக்கத்து ஊருக்கே போய்விட்டது.

"வாத்தியாரே, இந்த வாரம் பள்ளிக்கூடத்துல 'டிராப்'னு ஒரு இங்கிலீஷ் வினைச்சொல் நடத்துனீங்களாமே? எம் பொண்ணு சொன்னா," என்றார் விக்கெட் கீப்பர் ட்ரோட்மன். "அதை மைதானத்துல செஞ்சு வேற காட்டணுமா?"

பெவிலியனே சிரித்தது.

"நேர்ப்பொருளுக்கு உதாரணம்," என்றார் வாத்தியார். "கையிலேருந்து ஒரு பொருள் கீழ விழறது."

"உருவகத்துக்கு நான் உதாரணம் தர்றேன், கேட்டுக்குங்க," என்றார் கிட்டன்ஸ். "அடுத்த ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு உங்களை டீம்லேருந்து டிராப் பண்ணிட்டேன்."

சிரிப்பு நின்றது.

வாத்தியார் இந்த அணியில் ஆட வந்தபோது ட்ரோட்மனுக்கு மீசை முளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காகத்தான் அவர் மற்ற நாட்களில் மூச்சு விடுகிறார் என்று அவர் மனைவியே சொல்வாள்.

"ரொம்பச் சரியான பிரயோகம், கேப்டன்," என்றார் வாத்தியார்.

"எனக்கு மட்டும் ஆசையா என்ன? எங்கப்பா மானத்தோட ஆடின மைதானம்யா இது! வியர்வை சிந்தி ஒரு விக்கெட்டுக்கு வழி பண்ணுறேன், நீங்க வேடிக்கை பார்க்கறீங்க!"

பேசிப் பேசித் தொண்டை வறண்டது. ஒரு ஜிஞ்சர் பீர் பாட்டிலைப் பல்லால் கடித்துத் திறந்து, வழக்கம்போல மூடியைப் பையில் போட்டுக்கொண்டார் கிட்டன்ஸ். மைதானத்தில் குப்பை போட்டால் அவருக்குப் பிடிக்காது. போட்ட கை பைக்குள்ளேயே எதையோ துழாவியது. அடுத்த பையிலும் துழாவியது. அதற்குமேல் அவர் பேசவில்லை.

கூட்டம் கலைந்தது. ஒரு சங்கடம் மட்டும் மிச்சமிருந்தது. ஆட்டம் முடிந்தால் கிட்டன்ஸ் வீட்டுக்குப் போவது எப்போதும் வாத்தியாரின் காரில்தான்.

"வாங்க கேப்டன், வீட்டுல டிராப் பண்ணிடறேன்."

"இல்ல, நான் நடந்தே..."

"கரும்புக்காட்டைச் சுத்தி நடந்தா வீட்டுல வறுத்து வெச்ச மீன் ஆறிடும். ஏறுங்க."

வீட்டு வாசலில் இறங்கியபோது கிட்டன்ஸுக்கு மனசு உறுத்தியது.

"தப்பா நினைக்காதீங்க வாத்தியாரே. டீம்னா ஒரு ஒழுங்கு வேணும்ல?"

"வேணும்தான்," என்ற வாத்தியார் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் கேப்டனின் உள்ளங்கையில் வைத்தார். "கடைசி ஓவருக்கு முன்னால நீங்க கைக்குட்டை எடுத்தப்போ விழுந்துது. அம்பயர் நடக்கற வழி, அதான் பொறுக்கி வெச்சேன். மைதானத்துல குப்பை போடக் கூடாது பாருங்க."

ஒரு பாட்டில் மூடி. அதன் பல் இடுக்கெல்லாம் சிவப்பாக, பந்திலிருந்து கள்ளத்தனமாகச் சுரண்டிய தோல்.

கிட்டன்ஸ் சட்டென்று மூடியை விரல்களுக்குள் பொத்திக்கொண்டார்.

"அப்போ... அந்தக் கேட்ச்?"

"கேட்சைப் பிடிச்சிருந்தா, வரக் கூடாத கோப்பை வந்திருக்கும். மூடியை அம்பயர்கிட்ட குடுத்திருந்தா நீங்க போயிருப்பீங்க. எனக்கு ரெண்டுக்கும் மனசு வரல," என்றார் வாத்தியார். "உள்ள போங்க, மீன் ஆறுது."

கார் கிளம்பிப் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாஸ் போட வந்தவர் ட்ரோட்மன். வாத்தியார் வழக்கமான இடத்தில், கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். இடைவேளையில் எல்லோருக்கும் ஜிஞ்சர் பீர் தூக்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்து அணியே வாயைப் பிளந்தது.

"என்ன கேப்டன், நீங்க ஏன் ஆடல?"

"டீம்லேருந்து டிராப் பண்ணிட்டாங்கப்பா."

"உங்களையா? எவன் அவன்?"

"நான்தான்," என்று சொல்லிவிட்டு, கிட்டன்ஸ் குனிந்து பாட்டில் மூடிகளை ஒன்று விடாமல் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.